ஜெபல் ரம்: ஏறி முடித்தது மதியம் 2.40, தரையைத் தொட்டது மறுநாள் காலை. எங்கே தவறினோம்?

மணற்கல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஜோர்டானின் வாதி ரம் பாலைவனத்துக்குப் போய் வந்து மூன்று வாரம் ஆகிறது. மார்ச் கடைசியில் ஜெபல் ரம் மலையின் கிழக்குச் சுவரில் நானும் என் கூட்டாளியும் ஒரு நீண்ட வழியில் ஏறினோம். ஏறியதில் குறை ஒன்றும் இல்லை. இறங்கும்போது ஓர் இரவு முழுக்கப் பாறைத் திட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதாகிவிட்டது. யாருக்கும் காயமில்லை. ஆனாலும் அந்த இரவு இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வழியின் பெயரை வேண்டுமென்றே விடுகிறேன். பெயர் சொன்னால் பேச்சு அதன் கடினத் தரத்தைச் சுற்றியே போய்விடும். எங்கள் பிரச்சினை தரத்தில் இல்லை.

மலையைத் தெரியாதவர்களுக்கு: ரம் கிராமம் சுமார் 950 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உச்சி 1,750 மீட்டரை ஒட்டி. அடிவாரத்தில் கிரானைட், அதன்மேல் சிவந்த மணற்கல் சுவர், அதற்கும் மேலே வெளிறிய மணற்கல் குவிமாடங்கள். கிராமத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால் சுவர்தான் முழுமலை என்று தோன்றும். சுவர் முடிகிற இடத்தில்தான் மலை ஆரம்பிக்கிறது என்பது மேலே போன பிறகுதான் புரிந்தது. குவிமாடம் தாண்டிக் குவிமாடம், நடுவில் பிளவுகள், எட்டிப் பார்த்தால் அடி தெரியாத பள்ளங்கள்.

எங்கள் நேரக் கணக்கு: காலை 7 மணிக்கு முதல் பிட்ச் (ஒரு கயிறு நீளத்துக்குள் ஏறும் பகுதி). ஒன்பது பிட்ச். 12.30க்குள் முடியும் என்று நினைத்தோம், முடித்தது 2.40. இரண்டு 50 மீட்டர் கயிறு, ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர். மேலே கொஞ்ச நேரம் உட்கார்ந்து படம் எடுத்துவிட்டு, ஹம்மாத் பாதை வழியாக இறங்கப் புறப்பட்டபோது 3.10.

குவிமாடங்களில் யாரோ அடுக்கி வைத்த கற்குவியல்களைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். நாலைந்து குவியல் நன்றாக வழிகாட்டியது. ஆறாவது குவியலில் நின்று பார்த்தால் நேர்கீழே வெட்டுப்பாறை. திரும்பி வந்து சரியான வழியைப் பிடிக்க ஒரு மணி இருபது நிமிடம் போனது. முதல் ரப்பெல் ஆங்கருக்கு (கயிற்றில் வழுக்கி இறங்க, கயிற்றைப் பாறையில் மாட்டும் பிடிமானம்) வந்தபோது 5.45. தண்ணீர் அதற்கு முன்பே தீர்ந்துவிட்டது.

மூன்றாவது ரப்பெல்லில் இருவரும் இறங்கிய பிறகு கயிற்றைக் கீழே உருவி இழுத்தபோது சிக்கியது. பதினைந்து மீட்டர் போல வந்தது, அப்புறம் அசையவே இல்லை. இருவரும் சேர்ந்து தொங்கி இழுத்துப் பார்த்தோம். சூரியன் மறைந்து அரை மணிக்குள் நல்ல இருட்டு. கயிற்றைப் பிடித்து மேலே ஏறிப் பார்க்கிறேன் என்று கூட்டாளி சொன்னார். எனக்கு மனசு ஒப்பவில்லை. கொஞ்சம் வாக்குவாதம் ஆனது, பிறகு உட்கார்ந்துவிட்டோம். காலை 6 மணிக்கு வெளிச்சம் வந்ததும் கயிற்றை எடுத்தோம், 9 மணிக்குக் கீழே.

அடுத்த வருடம் மறுபடி போக ஆசை. அதற்கு முன் தெளிவாகிக்கொள்ள வேண்டும்.

முடிச்சு72 எழுதியது:

பத்திரமாக வந்ததே நிம்மதி நண்பரே. ஒரு கேள்வி: காலையில் கயிறு எதில் சிக்கியிருந்தது என்று பார்த்தீர்களா? அதைத் தெரிந்துகொள்ளாமல் மற்றதைப் பேச முடியாது.

மணற்கல் எழுதியது:

பார்த்தேன். அதைத்தான் தனியாக எழுத நினைத்தேன்.

ரம்மின் மணற்கல்லில் தேன்கூடு மாதிரி குழிகள் இருக்கும். உப்பும் காற்றும் அரித்து அரித்து உண்டான குழிகள். சில இடங்களில் பக்கத்துப் பக்கத்துக் குழிகள் உள்ளே சேர்ந்துவிடும், நடுவில் சன்னமான ஒரு கல் தண்டு மட்டும் மிஞ்சும். எங்கள் கயிறு வழுக்கி அப்படி ஒரு தண்டுக்குப் பின்னால் போய் விழுந்திருந்தது. இரண்டு கயிற்றையும் இணைத்த முடிச்சு தண்டுக்கும் குழிச் சுவருக்கும் நடுவில் இறுகி நின்றது. திட்டிலேயே ஒரு பத்து மீட்டர் இடப்பக்கம் நகர்ந்து, அங்கிருந்து சாய்வாக இழுத்ததும் ஒரே இழுப்பில் வந்துவிட்டது. முடிச்சோடு சேர்ந்து ஒரு கைப்பிடி மணலும் தலையில் கொட்டியது.

அந்தத் தண்டு என் மணிக்கட்டு அளவுதான் இருக்கும். இரவில் இருவரும் அதில்தான் தொங்கி இழுத்திருக்கிறோம். அதை நம்பி அவர் ஏறியிருந்தால் என்ற நினைப்பில்தான் தூக்கம் கெடுகிறது.

முடிச்சு72 எழுதியது:

அப்படியானால் அந்த இரவில் நீங்கள் எடுத்த முடிவு சரியான முடிவு. வேறு யார் என்ன சொன்னாலும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எதில் சிக்கியிருக்கிறது என்று தெரியாத கயிற்றில் எடையை ஏற்றி மேலே போகக் கூடாது. கயிற்றின் இரண்டு முனையும் கையில் இருந்தால் வேறு கதை, அப்போது ஆங்கர்தான் தாங்குகிறது என்று தெரியும். ஒரு முனை மேலே போய்விட்ட பிறகு கயிற்றைத் தாங்குவது எது என்று யாருக்கும் தெரியாது.

கயிறு சிக்காமல் இருக்கச் செய்ய வேண்டியவை, நான் வழக்கமாகச் செய்பவை. இரண்டு கயிற்றையும் சேர்த்துப் பிடித்து ஒரே சுற்றாகப் போடும் சாதாரண முடிச்சு, முனை ஒரு முழம் நீளம் விட்டு, நான்கு இழையையும் தனித்தனியாக இழுத்து இறுக்கி. அந்த முடிச்சு பாறை விளிம்பில் ஒரு பக்கமாகப் புரண்டு படுத்துக்கொள்ளும், அதனால் மாட்டுவது குறைவு. இரண்டாவது, முதலில் இறங்கியவர் கீழே போனதும் கயிற்றை ஓரிரு மீட்டர் இழுத்துப் பார்க்க வேண்டும். மேலே ஒருவர் இருக்கும்போதே. நகராவிட்டால் மேலே இருப்பவர் முடிச்சை விளிம்புக்குக் கீழே நகர்த்தி வைக்கலாம். நீங்கள் இதைச் செய்தீர்களா?

மணற்கல் எழுதியது:

முதல் இரண்டு ரப்பெல்லில் செய்தோம். மூன்றாவதில் செய்யவில்லை. வெளிச்சம் போகிறது என்று அவசரம்.

குன்றேறி எழுதியது:

அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஆனால் நான் இன்னும் பின்னால் போவேன். மூன்றாவது ரப்பெல்லில் தவறியதற்குக் காரணம் மதியம் 2.40.

12.30க்கு முடிக்க நினைத்த வழி 2.40க்கு முடிந்தது என்றால், ஐந்தாவது பிட்ச் அளவிலேயே தாமதம் தெரிந்திருக்கும். அங்கே ஏன் திரும்பவில்லை? சுவரிலேயே ரப்பெல் செய்து இறங்கியிருந்தால் நான்கு மணிக்குக் கிராமத்தில் இருந்திருப்பீர்கள்.

மணற்கல் எழுதியது:

நியாயமான கேள்வி அண்ணா. ஐந்தாவது பிட்ச் முடிந்தபோது 11.15. அதைப் பற்றிப் பேசினோம். சுவரில் இருந்த பழைய ஆங்கர்களைப் பார்க்க இருவருக்கும் நம்பிக்கை வரவில்லை. ஒரு குழிக்குள் நுழைந்து வெளியே வரும் ஒற்றை ஸ்லிங் (நைலான் பட்டை வளையம்), வெயிலில் வெளுத்து, விரலால் மடக்கினால் அட்டை மாதிரி விறைப்பாக இருந்தது. மேலே போய் எல்லோரும் இறங்கும் பாதையில் இறங்குவதுதான் பாதுகாப்பு என்று நினைத்தோம். ‘எல்லோரும் இறங்கும் பாதை’ என்ற சொல்லே எங்களைச் சமாதானப்படுத்திவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

வெயில்நிழல் எழுதியது:

நான் ரம்முக்கு நான்கு முறை போயிருக்கிறேன். இந்த ஆங்கர் விஷயத்தில் கொஞ்சம் விரிவாக எழுத விடுங்கள்.

மேலே நீங்கள் பார்த்த வெளுத்த ஸ்லிங் அங்கே எல்லா இடத்திலும் இருக்கும். நைலான் புற ஊதாக் கதிரில் வலு இழக்கும். பாலைவன மலையில் வருடத்துக்கு வருடம் மேகமில்லாத வெயில், சாயம் போய் விறைத்துப் போன ஸ்லிங்கை நான் ஆங்கராக எண்ணுவதே இல்லை. இன்னொன்று பலர் கவனிக்காதது: யாராவது உலோக வளையம் போடாமல் கயிற்றை நேராக ஸ்லிங்குக்குள் விட்டு இழுத்திருந்தால், உரசிய சூட்டில் ஸ்லிங்கின் உள்பக்கம் உருகி ஒரு பள்ளம் விழுந்திருக்கும். வெளிப்பக்கம் பார்க்க நன்றாகவே இருக்கும். ஸ்லிங்கைச் சுற்றித் திருப்பி, முழு நீளத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். முடிச்சுக்குப் பின்னால், பாறைக்கு உள்பக்கம், எல்லாம்.

அதனால் நான் 7 மில்லிமீட்டர் கயிறு 10 மீட்டர், ஒரு சின்னக் கத்தி, திருகுமூடி வைத்த எஃகு வளையம் நாலு எப்போதும் எடுத்துப் போவேன். அங்கே பாறையிலேயே குழியும் துவாரமும் நிறைய. கயிற்றை உள்ளே விட்டு வெளியே எடுத்துக் கட்டினால் ஆங்கர் தயார். ஆனால் எந்தத் தண்டைச் சுற்றிக் கட்டுகிறோம் என்று தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று கேட்டால் நல்லது. பொத்தென்று கேட்டால் வேறு இடம். ஐந்தாவது பிட்ச்சில் உங்களிடம் இந்த 10 மீட்டர் கயிறு இருந்திருந்தால் திரும்பியிருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன். திரும்புவதற்கான பொருள் கையில் இல்லாதபோது திரும்ப வேண்டும் என்ற எண்ணமும் வராது. இதை எனக்கே நடந்து கற்றுக்கொண்டேன்.

இரண்டாம்கயிறு எழுதியது:

இவ்வளவு பேர் இறங்கும் பாதையில் ஏன் ஒழுங்கான போல்ட் (பாறையில் துளையிட்டுப் பதிக்கும் உலோகப் பிடிமானம்) போட்டு, சங்கிலி மாட்டி வைக்கக் கூடாது? ஒவ்வொருவரும் ஒரு துண்டுக் கயிற்றை விட்டுப் போவதால் ஆங்கர் குப்பைக்கூடை மாதிரி ஆகிறது. பத்து ஸ்லிங்கில் எதை நம்புவது? உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் போல்ட் போடாமல் ஏறுவதுதான் மரபு என்று பேசுவது எனக்கு ஏற்கவில்லை.

குன்றேறி எழுதியது:

தம்பி, உங்கள் கவலை புரிகிறது. ஆனால் அந்த மலை நம்முடையது இல்லை.

ரம்மில் வெளிநாட்டார் கயிறு கொண்டு வருவதற்கு வெகுகாலம் முன்பே அங்குள்ள பெதூயின் (பாலைவன நாடோடி) மக்கள் மலையாட்டு வேட்டைக்காக இந்தச் சுவர்களில் ஏறியிருக்கிறார்கள். கயிறு இல்லை, பல இடங்களில் செருப்பும் இல்லை. எட்டாத இடத்தில் கல்லடுக்கி, மரக்கிளை செருகிப் படி செய்தார்கள். ஷேக் ஹம்தான் 1952இல் சார்மியன் லாங்ஸ்டாஃப் என்ற ஆங்கிலேயப் பெண்மணியை ஜெபல் ரம் உச்சிக்கு அழைத்துப் போயிருக்கிறார். பிறகு 1984இல் ஜோர்டான் சுற்றுலா அமைச்சகத்தின் அழைப்பில் டோனி ஹோவர்ட், டை டெய்லர் முதலான பிரிட்டிஷ் மலையேறிகள் வந்தார்கள். அவர்கள் தாங்களாக எல்லாவற்றையும் ‘கண்டுபிடிக்க’வில்லை. வேட்டைக்காரர்களிடம் கேட்டு, அவர்களுடன் ஏறி, அவர்கள் பெயரிலேயே பாதைகளைப் பதிவு செய்தார்கள். ஹம்மாத் பாதை, சப்பாஹ் பாதை என்ற பெயர்களெல்லாம் அப்படி வந்தவை.

2011இல் யுனெஸ்கோ வாதி ரம்மை உலக பாரம்பரிய இடமாக அறிவித்தது. இயற்கைக்காக மட்டும் இல்லை, பண்பாட்டுக்காகவும். பாறைகளில் தமூதிக் என்ற பண்டைய அரேபிய எழுத்துகளும் உருவங்களும் இருக்கின்றன. அங்கே துளையிடும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போக எனக்கு உரிமை இருப்பதாக நான் நினைக்கவில்லை. அங்குள்ள வழிகாட்டிகளும் பாதுகாப்புப் பகுதி நிர்வாகமும் முடிவு செய்ய வேண்டிய விஷயம் அது.

இரண்டாம்கயிறு எழுதியது:

உரிமை பற்றி நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன் அண்ணா. ஆனால் அங்குள்ளவர்களே விரும்பிப் போட்டால்?

வெயில்நிழல் எழுதியது:

போட்டால் நல்லதே. முழுக்க போல்ட் போட்ட வழிகளும் ரம்மில் இருக்கின்றன. ஆனால் மென்மையான மணற்கல்லில் போல்ட் என்பது கிரானைட்டில் போடுவது போல இல்லை. விரிந்து இறுகும் குட்டையான போல்ட், சுற்றியுள்ள மணலைப் பொடிப் பொடியாக நொறுக்கிக்கொண்டு சில வருடத்தில் ஆட ஆரம்பிக்கும். நீளமாகத் துளையிட்டு, பசை ஊற்றி ஒட்டும் வகைதான் நிற்கும். பளபளவென்று இருக்கிறது என்று ஒரு போல்ட்டை நம்புவதும், நிறம் இருக்கிறது என்று ஒரு ஸ்லிங்கை நம்புவதும் ஒன்றுதான். இரண்டையும் கையால் பார்க்க வேண்டும்.

நிலாப்பாறை எழுதியது:

தண்ணீரைப் பற்றி யாரும் பேசவில்லையே. நான் மருத்துவத் துறையில் இருக்கிறேன், மலையும் ஏறுவேன்.

மணற்கல், உங்கள் நேரக் கணக்கைத் திரும்பப் படித்தேன். கிழக்குச் சுவரில் காலை முழுக்க வெயில் நேராக அடித்திருக்கும். மதியத்துக்கு மேல்தான் நிழல். ஆக அதிகம் உழைத்த நேரமும் அதிகம் வெயில் பட்ட நேரமும் ஒன்றே. காற்று வறண்டிருப்பதால் வியர்வை தோலிலேயே காய்ந்துவிடும், நனைவது தெரியாது. குடித்ததைவிட இழந்தது அதிகமாகவே இருந்திருக்கும். அதற்குப் பிறகுதான் குவிமாடத்தில் வழி தவறினீர்கள், அதற்குப் பிறகுதான் கயிற்றை இழுத்துப் பார்க்க மறந்தீர்கள். உடலில் நீர் குறையும்போது கவனமும் மந்தமாகும்.

மறுபடி போகும்போது இன்னும் ஒரு லிட்டர், அதோடு உப்புச் சர்க்கரைக் கரைசல் பொடி. எடை கூடும் என்பீர்கள். முதலில் ஏறுபவரின் பையைக் காலியாக வைத்து, பின்னால் வருபவர் சுமக்கலாம்.

இரவில் குளிர் எப்படி இருந்தது?

மணற்கல் எழுதியது:

பகலில் சட்டையே வேண்டாம் என்று இருந்தது. இரவு பத்து மணிக்கு மேல் பல் கிட்டியது. இருவரிடமும் மெல்லிய காற்றுத் தடுப்புச் சட்டை, ஒரே ஓர் அவசரகால மின்னும் போர்வை. கயிற்றின் கிடைத்த பகுதியைச் சுருட்டிக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்தோம். பாறை அஸ்தமனம் வரை சூடாக இருந்தது, அந்தச் சூடு ஒன்பது மணி வரைகூடத் தாங்கவில்லை. கீழே கிராமத்து விளக்குகள் தெளிவாகத் தெரிந்தன. ஒரு நாய் குரைப்பதும் கேட்டது. நேர்க்கோட்டில் ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. அவ்வளவு பக்கத்தில் இருந்தும் போக முடியாதது வேறு மாதிரியான வேதனை.

போர்வையைக் கழுத்தைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு கூட்டாளி ஒன்று சொன்னார்: “ஏறும்போது ஒன்பது பிட்ச்சையும் படம் வரைந்து பாக்கெட்டில் வைத்திருந்தோம். இறங்குவதற்கு ஒரு வரிகூட எழுதவில்லை.” உண்மை. ஏறும் பாதையின் குறிப்பை எத்தனையோ முறை படித்தேன். இறங்கும் குறிப்பை விமானத்தில் ஒருமுறை படித்ததோடு சரி.

குன்றேறி எழுதியது:

அந்த வாக்கியம்தான் உங்கள் கேள்விக்கு விடை என்று நினைக்கிறேன். மற்றதெல்லாம் அதன் கிளைகள்.

நான் என்ன செய்வேன் என்று சொல்கிறேன். ரம் போன்ற மலையில் முதல் நாள் சுவரில் கையே வைக்க மாட்டேன். இறங்கும் பாதை வழியாகவே எவ்வளவு முடியுமோ அவ்வளவு மேலே போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அந்தப் பாதை தெரிந்த உள்ளூர் வழிகாட்டி ஒருவருடன் போவது இன்னும் நல்லது. ஒரு நாள் வீண் என்று நினைக்காதீர்கள். போகும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பி நின்று, வந்த வழியைப் பார்த்துப் படம் எடுப்பேன். இறங்கும்போது கண் பார்க்கப்போகும் காட்சி அதுதான். குவிமாடம் முன்பக்கம் ஒரு மாதிரி, பின்பக்கம் வேறு மாதிரி இருக்கும். கற்குவியல் என்பது யாரோ ஒருவர் அங்கே நின்றார் என்பதற்கு மட்டுமே சாட்சி. அவரும் வழி தவறி நின்றிருக்கலாம், வேறு இடத்துக்குப் போயிருக்கலாம்.

வெயில்நிழல் எழுதியது:

இதோடு மழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மணற்கல் ஈரமானால் வலு குறையும், பாதிக்கு மேல் இழக்கும் வகைகளும் உண்டு. மேல்பரப்பு ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும், உள்ளே ஈரம் இருக்கும். கேம் (வெடிப்பில் செருகும் பிடிமானக் கருவி) வைத்த வெடிப்பின் உதடு அப்படியே பெயர்ந்து வருவதைப் பார்த்திருக்கிறேன். மழைக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் காத்திருப்பது என் வழக்கம். அடிப்பக்கத்து மண்ணைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தால் தெரியும், ஈரமாக இருந்தால் பாறையின் உள்ளேயும் ஈரம்தான். அப்புறம் அந்தக் குவிமாடங்களில் பெய்யும் தண்ணீர் மண்ணில் ஊறாது, மொத்தமும் குறுகலான பாறைப் பிளவுகள் வழியாகத்தான் இறங்கும். நாம் இறங்கும் வழியும் அதே பிளவுகள். தூரத்தில் மேகம் கறுத்தாலே அன்று ஏற்றம் இல்லை.

முடிச்சு72 எழுதியது:

மணற்கல், இன்னொன்று கேட்க மறந்துவிட்டேன். கயிற்று முனைகளில் முடிச்சுப் போட்டிருந்தீர்களா? இருட்டில் இறங்கும்போது முனையைத் தாண்டி வழுக்கிப் போவதுதான் ரப்பெல் விபத்துகளில் அடிக்கடி கேள்விப்படுவது.

மணற்கல் எழுதியது:

போட்டிருந்தோம். இழுப்பதற்கு முன் அவிழ்க்கவும் நினைவிருந்தது. அந்த ஒன்றாவது சரியாகச் செய்தோம்.

எல்லோர் பதிலையும் கூட்டாளிக்கு அனுப்பினேன். நேற்று இருவரும் உட்கார்ந்து பேசினோம். அடுத்த முறை முதல் நாள் இறங்கும் பாதைக்கு மட்டும். இரண்டாம் நாள் ஓய்வு. மூன்றாம் நாள் சுவர், ஐந்தாவது பிட்ச்சில் 10.30க்கு மேல் ஆகியிருந்தால் பேச்சே இல்லை, திரும்புகிறோம். அன்று இரவு கயிற்றில் ஏறுகிறேன் என்று அவர் சொன்னதற்கு நான் குரலை உயர்த்தியதற்காக மன்னிப்பும் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, அந்தத் தண்டின் படத்தை இன்னும் கைபேசியில் வைத்திருப்பதாகச் சொன்னார்.

வெயில்நிழல், ஒரு சந்தேகம். 10 மீட்டர் துண்டுக் கயிற்றை ஒரே நீளமாக எடுத்துப் போவீர்களா, முன்பே வெட்டி வைத்துக்கொள்வீர்களா?

வெயில்நிழல் எழுதியது:

ஒரே நீளமாக. குழி எவ்வளவு ஆழம் என்று முன்கூட்டித் தெரியாது. கத்தியை மட்டும் பையில் போடாதீர்கள், ஹார்னஸில் (இடுப்பு வாரில்) மாட்டிக்கொள்ளுங்கள்.